வலது இல்லாத வண்டி

செப்டம்பர் 14, ஞாயிறு

வண்டி வந்து சேர்ந்தது. அதற்கு ஒரு நாட்குறிப்பு எழுதி வர வேண்டும் என்று எங்கள் காலனிச் சங்கத்தில் முடிவு. எழுத வேண்டியது செயலாளர். செயலாளர் நான். பெயர் பொன்மாரி, வயது இருபத்து நான்கு, படிப்பு பி.ஏ. வரலாறு. வரலாற்றில் வேலை கிடைக்காததால் டிராக்டர் ஓட்டுநராகவும் என்னையே போட்டுவிட்டார்கள்.

எங்கள் காலனிக்குச் சேர வேண்டிய பஞ்சமி நிலத்தை எழுபது வருடம் யார் யாரோ தின்றார்கள். வழக்காடி மீட்டோம். மீட்டபோது அதில் சீமைக் கருவேலம்தான் குடியிருந்தது. மரத்தை வெட்டினோம், வேர் போகவில்லை. இந்த ஐப்பசி மழைக்குள் உழுது விதைத்துக் காட்டாவிட்டால், சாகுபடி இல்லை என்று எழுதி, நிலத்தை எங்களுக்குக் கொடுத்த ஒப்படையை ரத்து செய்யச் சொல்வேன் என்று வருவாய் ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழுபது வருடமாக அவர் அலுவலகத்தில் யாரும் அந்த நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஊரில் ஐந்து டிராக்டர் உண்டு. ஐந்தும் மேலத்தெருவில். நாங்கள் வாடகைக்குக் கேட்டதும் ஐந்துக்கும் ஒரே நாளில் நோய் வந்தது. ரெங்கராசு அண்ணாச்சியின் புதுச் சிவப்பு டிராக்டருக்குக்கூட, "மேலுக்குச் சொகமில்ல" என்று பதில்.

அதனால்தான் இது. மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புப் பண்ணையில் கிடந்தது. ஏலத்தில் இரும்பு விலைக்கு எடுத்தோம். எட்டு டயர். முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, நடுவில் கீல். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பாது. வண்டியே இடுப்பில் மடங்கும்.

சீனியம்மா அத்தை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "இடுப்பொடிஞ்சதப் போயி வாங்கிட்டு வந்திருக்கீகளே தாயி, கடக்காரன்ட்ட சொல்லி மாத்தக் கூடாதா?"

செப்டம்பர் 16, செவ்வாய்

எட்டையபுரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அருளப்பன் வந்தார். லாரி வேலைக்காரர். இப்படி ஒரு வண்டியை வாழ்க்கையில் தொட்டதில்லை என்று வந்ததுமே சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆம்பிளையை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

காற்று வடிகட்டிக்குள் மைனாக் கூடு. டீசல் டேங்கில் ஒரு செருப்பு. பேட்டரி செத்துப்போனது. அவருடைய லாரி பேட்டரியைக் கொண்டுவந்து உசுப்பினால் கிளம்புகிறது, அணைத்தால் மறுபடி பிணம். ரிவர்ஸ் கியர் கிடையாது.

"பின்னாடி போகவே போகாதா?" என்றேன்.

"போகாது, செயலாளரம்மா."

"பரவாயில்ல. பின்வாங்குற உத்தேசம் நமக்கும் இல்ல."

கூட்டத்தில் பேசிப் பேசி வாய் அப்படிப் பழகிவிட்டது. அவர் சிரித்தார். அன்று நீலச் சட்டை போட்டிருந்தார். வண்டி சம்பந்தப்பட்ட எல்லாமே இதில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

கையேடு ஏதோ குளிர்நாட்டு எழுத்தில் இருக்கிறது. படம் மட்டும் புரிகிறது. ஒரு படத்தில் கீலுக்கு நடுவே ஒருவன் நிற்கிறான், அவன்மேல் பெரிய பெருக்கல் குறி. எஞ்சின் ஓடும்போது இடுப்புக்குள் நிற்காதே, மடங்கினால் சட்னி என்று அர்த்தம். பலகையில் எழுதித் தொங்கவிட்டேன். கிளப்புவதற்கு முன் கீலைச் சுற்றிப் பார்த்து, மேலும் கீழும் கிரீஸ் அடிக்க வேண்டியது தினமும் என் பொறுப்பு.

மாடத்தி சித்தி பலகையைப் படித்துவிட்டு, "ஆம்பளைகளுக்கும் இப்பிடி ஒரு போர்டு மாட்டிவிட்டா நல்லாருக்கும்" என்றாள்.

செப்டம்பர் 24, புதன்

ஓட்டப் பழகினேன். அதாவது, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி நகரவே இல்லை. ஆனால் மடங்கியது. மடங்கிய பக்கத்தில் இருந்த அரசு பொதுக் கழிப்பறை விழுந்தது. நிற்கிற வண்டி இடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் கழிப்பறை திறப்பு விழா கண்டது, மந்திரி கண்டது, தண்ணீர் மட்டும் கண்டதில்லை. உள்ளே சித்தியின் கோழிகள் குடியிருந்தன. கோழிகள் பத்திரம்.

"கழிப்பறைய இடிச்சதுக்குக் கேஸ் வருமா?" என்று அருளப்பனிடம் கேட்டேன்.

"அது இருந்ததுன்னு நிரூபிக்க அவுகதான் தண்ணி பில்லு காட்டணும்" என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

மறுபடியும் நீலச் சட்டை. இரண்டு நீலச் சட்டை வைத்திருக்கிறாரா, ஒன்றைத்தான் துவைத்துத் துவைத்துப் போடுகிறாரா தெரியவில்லை. கிரீஸ் அடித்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எட்டு டயருக்கு எட்டு எலுமிச்சம்பழம். எதற்கு முதலில் வைப்பது என்று ஒரு சண்டை. சந்தனம், குங்குமம், வாழைக்கன்று.

அத்தை திடீரென்று, "இதுக்கு இடுப்பு இருக்குல்லா? அரைஞாண் எங்க?" என்றாள்.

எல்லோரும் கீலைத் திரும்பிப் பார்த்தோம். இடுப்பு இருக்கிறது, உண்மைதான். இடுப்பு இருந்தால் அரைஞாண் வேண்டும், கண்ணேறு படும். காலனியில் இருந்த கறுப்புக் கயிறெல்லாம் சேர்த்தாலும் இந்த இடுப்புக்குப் போதாது. பாழுங்கிணற்றில் கிடந்த பழைய இரும்புச் சங்கிலியை எடுத்துக் கறுப்பு வர்ணம் அடித்தார்கள். மூடநம்பிக்கை பற்றி நான் பேசத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. அருளப்பன் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அவராவது எதிர்ப்பார் என்று பார்த்தால், "எங்களுக்கும் அரைஞாண் உண்டு அக்கா, நான் கட்டுதேன்" என்று ஏறிப்போய்ச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினார். பொரிகடலை சாப்பிட்டார். என் கையிலிருந்துதான் வாங்கினார், தட்டு எட்டவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

இன்று நிலத்துக்குப் புறப்படும் நாள். காலையில் கீலைச் சோதிக்கும்போது அருளப்பன் வேட்டி சட்டையில் வந்தார். சோதனை நல்லபடியாக முடிந்தது.

கிளப்பினேன். குலவை போட்டார்கள். கொட்டகையிலிருந்து வெளியே வர வலப்பக்கம் ஒடித்தேன். டமார் என்று ஒரு சத்தம். சங்கிலி கீலுக்குள் போய்ச் சுருண்டு, வண்டியை மடக்கும் வலப்பக்க ஹைட்ராலிக் ராடை வளைத்துவிட்டது. எண்ணெய் பீய்ச்சி முன் வரிசையில் நின்ற அத்தனை பட்டுச் சேலையும் நாசம்.

"கண்ணு பட்டிருச்சு!" என்று அத்தை அலறினாள்.

"சங்கிலி பட்டிருச்சு, அத்த."

"நல்லவேள, அரைஞாண் கட்டுனோம். இல்லாட்டி என்ன ஆயிருக்கும்?"

அக்டோபர் 3, வெள்ளி

அருளப்பன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டு வெளியே வந்தான். வலப்பக்கம் ஒடிக்க வேண்டுமானால் அந்த ராடு உள்ளே போக வேண்டும். வளைந்தது போகாது. வெளியே வருவதற்குத் தடையில்லை. ஆக, வண்டி நேராகப் போகும், இடப்பக்கம் திரும்பும், மறுபடி நேராகும். வலது கிடையாது. புது ராடு கோயம்புத்தூரில் கடைந்து வர வேண்டும், நாளாகும் என்றான். அளவெடுத்து அனுப்பிவிட்டான்.

கோவில்பட்டியிலேயே நாலு லேத் பட்டறை இருக்கிறது. ஏன் கோயம்புத்தூர் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. வேலை முடியும்வரை தினமும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

வானம் கருக்கிறது. மழை ராடுக்காகக் காத்திருக்காது.

அக்டோபர் 4, சனி

சங்கக் கூட்டம். எங்கள் சந்து முனையில் இரண்டே வழி. வலப்பக்கம் ஓடைப் பாதை. நாங்கள் காலங்காலமாகப் போகும் வழி அதுதான், சுற்றிக்கொண்டு போய் நிலத்தில் சேரும். இடப்பக்கம் மேலத்தெரு. அதன் கோடியில் இன்னொரு இடது, நிலம்.

மேலத்தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. அம்மை குத்துவதற்கு முன்பே எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வண்டி மேல் உட்கார்ந்து அந்தத் தெருவில் போனவர்கள் எங்களில் யாரும் கிடையாது.

"வேற வழி இருக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்கு. வலது பக்கம்" என்றேன். மாடத்தி சித்தி எழுந்தாள். "வண்டியே அப்பிடித்தான் திரும்புதுன்னா நாம என்ன செய்ய முடியும்? இரும்புக்குத் தெருத் தெரியுமா?"

ஒருமனதாக நிறைவேறியது.

அக்டோபர் 5, ஞாயிறு

லாரி பேட்டரியில் உசுப்பிக் கிளப்பினேன். கொட்டகை வாசலில் இடப்பக்கமாகவே ஒரு வட்டமடித்துச் சந்துக்கு வந்தேன்.

சந்து முனை வந்தது. இடப்பக்கம் ஒடித்தேன். மேலத்தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் சத்தத்தைக் கேட்டுக் கதவுகள் திறந்தன. பிறகு என்னைப் பார்த்து ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். தெரு நடுவில் ரெங்கராசு அண்ணாச்சி, மார்பில் துண்டோடு, கையை விரித்துக்கொண்டு நின்றார். நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏய், யாரக் கேட்டு இதுக்குள்ள கொண்டு வார? எறங்கு மொதல்ல!"

"நான் எறங்கிருவேன் அண்ணாச்சி. வண்டி எறங்காதே."

"திருப்பிட்டுப் போ!"

"பின்னாடி போகாது. ரிவர்ஸ் இல்ல."

"வலது பக்கம் ஓடப் பாதைல போக வேண்டியதுதான?"

"இதுக்கு வலது இல்ல."

"வலது இல்லாத வண்டி ஒலகத்துல உண்டா? ஓட்டத் தெரியலன்னு சொல்லு. பொட்டச்சி கைல வண்டியக் குடுத்தா வலதேது, இடதேது! தள்ளு, நான் திருப்பிக் காட்டுதேன்."

ஏறிவிட்டார். அந்தத் தெருவிலேயே பெரிய டிராக்டர்காரர், இத்தனை பேர் பார்க்கும்போது ஏறாமல் இருக்க முடியுமா? நான் எழுந்து படியில் நின்றுகொண்டேன். அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாகச் சுற்றினார். வண்டி முனகிக்கொண்டே நேராகப் போனது. மறுபடி சுற்றினார். நேராகப் போனது. கெட்ட வார்த்தையில் கேட்டார். அப்போதும் நேராகத்தான் போனது.

"ஏ, இது திரும்பலயே!"

"அதத்தான் சொன்னேன், அண்ணாச்சி."

"அணச்சிருதேன்."

"அணைங்க. ஆனா பேட்டரி கெடயாது. அணைஞ்சா திரும்ப உசுரு வராது. ஒங்க கோயில் வாசல்லயே நிக்கும். புது ராடு வாறவரைக்கும் நிக்கும். நாங்க தெனமும் வந்து தொடைச்சு, கிரீஸ் அடிச்சு, பாத்துக்கிடுவோம்."

அவர் திரும்பி, பக்கத்தில் வந்துவிட்ட கோயில் வாசலைப் பார்த்தார். எங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே தினமும் உட்கார்ந்து வண்டி துடைப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலை ஆக்சிலேட்டரில் அழுத்தினார். தெருக் கோடியில் வலப்பக்கம் கோயில் சுவர், இடப்பக்கம் எங்கள் நிலத்துப் பாதை. இடப்பக்கம் ஒடித்தார். வண்டி வெண்ணெய் மாதிரி மடங்கியது. பின்னால் மேலத்தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தது. அதற்குப் பின்னால் எங்கள் காலனி, விதைக் கூடையோடு.

நிலத்துக்குள் நுழைந்ததும் எப்படியாவது நிறுத்தித் தொலைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் கண்ட நெம்புகோலையெல்லாம் இழுத்தார். அதில் ஒன்று கலப்பையை இறக்கும் நெம்புகோல். பின்னால் மாட்டியிருந்த சட்டிக் கலப்பை மண்ணில் விழுந்து, கருவேல வேரைப் படபடவென்று பிய்த்துக்கொண்டு நெடுக ஓடியது.

எங்கள் நிலத்தில் முதல் சால் போட்டது ரெங்கராசு அண்ணாச்சி.

முதல் சாலுக்குக் குலவை போடாமல் இருக்க முடியாது. அத்தை தொடங்கினாள். எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி இறங்கும்போது அத்தை அவர் நெற்றியில் சந்தனம் வைக்க எட்டினாள். குனிந்து தப்பித்துக்கொண்டார். நாக்கு வறண்டிருந்தது. செம்பில் தண்ணீர் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். எச்சில்கூட விழுங்க முடியவில்லை, அப்போதும் வேண்டாம். எங்கள் கலப்பையைத் தொட்டார், ஸ்டியரிங்கைத் தொட்டார், எங்கள் சீட்டில் உட்கார்ந்து வியர்த்தார். தண்ணீர் மட்டும் ஆகாது. வெயிலில் நடந்தே போனார்.

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் மேலத்தெரு வழியாகத்தான் போனோம். திரும்பி வருவது ஓடைப் பாதையில், அந்தத் திசையில் வந்தால் எல்லாத் திருப்பமும் இடதுதான். தடுக்க வருவார்கள் என்று பத்துப் பேர் கூட வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் நிற்கும், நின்றால் அணையும், அணைந்தால் கிடக்கும் என்பது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மேலத்தெரு இளவட்டங்களே முன்னால் ஓடி, ஓரத்தில் நின்ற பைக்குகளை எடுத்து வழிவிட்டார்கள். "சீக்கிரம் போ, சீக்கிரம் போ, அணச்சிராத!" அமைச்சர் காருக்குக்கூட இப்படி வழி கிடைக்காது.

அருளப்பன் இன்று புது பேட்டரி மாட்டினான். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று சங்கத்தில் தீர்மானம்.

அக்டோபர் 8, புதன்

இடப்பக்கம் மட்டும் திரும்பும் வண்டியால் போய்த் திரும்பி உழ முடியாது. வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். நிலம் முழுவதும் ஒரே சால், முறுக்கு மாதிரி.

முறுக்குக்கு எல்லை தெரியாது. பதினான்கு வீட்டுப் பங்குக்கும் நட்டு வைத்த எல்லைக் கற்கள் எல்லாம் புரண்டுவிட்டன.

"எம் பங்கு மண்ணு ஒம் பங்குக்குப் போயிருச்சு. அள்ளிப் போடு" என்று மாடத்தி சித்தி.

"எந்த மண்ணுன்னு பேரு போட்டிருக்கா? போட்டிருந்தா எடுத்துக்க" என்று சீனியம்மா அத்தை.

கொண்டையைப் பிடிக்கப் போய்விட்டார்கள். நிலத்தை எழுபது வருடம் வைத்திருந்தவர்களைப் பார்த்து இவர்களில் ஒருவர்கூட இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அதைச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். ஒற்றுமை வந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

உழவு முடிந்தது. கல் நடுவதற்கு நாளில்லை, மேகம் தலைக்கு மேல் நிற்கிறது. மொத்தத்தையும் ஒன்றாக விதைப்பது, விளைச்சலைப் பதினான்காகப் பிரிப்பது என்று முடிவு. எல்லோரும் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

விதைத்தாகிவிட்டது. உளுந்து. அருளப்பனும் விதைத்தான். மெக்கானிக்குக்கு அங்கே வேலை இல்லை. நான் போகச் சொல்லவில்லை, மறந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை.

நவம்பர் 5, புதன்

வருவாய் ஆய்வாளர் வந்தார். ரெங்கராசு அண்ணாச்சிதான் பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். தரிசாகக் கிடக்கும் என்ற நம்பிக்கை போல. முதல் சால் தன்னுடையது என்பது அவருக்கே மறந்துவிட்டது.

உளுந்து கணுக்காலுக்கு மேல் நின்றது. ஆய்வாளர் வரைபடத்தை விரித்தார். "பதினாலு பங்குல எது யாருது?"

"சால் புடிச்சுப் போங்க சார், தெரியும்" என்று மாடத்தி சித்தி கையைக் காட்டிவிட்டாள்.

அவரும் சால் பிடித்துப் போனார். அவருக்குத் தெரியாது, உள்ளே இருப்பது ஒரே சால். சுற்றினார், சுற்றினார், ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது சந்தேகமாகப் பார்த்தார். கரிசல் சேறு பூட்ஸில் அப்பி ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டார். கடைசியில் நடுவில் போய் நின்றார். அங்கிருந்து குறுக்கே வரக் காலெடுத்து வைத்ததும் பதினான்கு வீட்டுப் பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"பயிர மிதிக்காதீக சார்! சால் வழியாவே வாங்க!"

அத்தனை சுற்றையும் திரும்பச் சுற்றி வெளியே வந்தார். நின்றும் தலை சுற்றிக்கொண்டிருந்தது. வரப்பு உண்டா, கல் உண்டா என்று எதுவும் கேட்கவில்லை. பைக் சீட்டில் தாளை வைத்து, 'முழு பரப்பிலும் சாகுபடி உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒப்படை நிலைத்தது. நான் அழவில்லை. பக்கத்தில் நின்ற அருளப்பன் கைக்குட்டை கொடுத்தான். கிரீஸ் கறை படிந்தது. முகமெல்லாம் கறுப்பானதுதான் மிச்சம்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து ராடு வந்துவிட்டது. பளபளவென்று இருக்கிறது. அருளப்பன் தோளில் சுமந்து கொண்டுவந்தான்.

செய்தி எப்படித்தான் போனதோ, அரை மணியில் ரெங்கராசு அண்ணாச்சி காலனிக்கு வந்துவிட்டார். ஓட்டு கேட்க வந்ததைத் தவிர அவர் இங்கே கால் வைத்ததில்லை. கூட மேலத்தெரு ஆட்கள் நாலு பேர்.

"ராடு வந்திருச்சாமே. சந்தோசம். மாட்டுற கூலிய நாங்க குடுத்திருதோம், இன்னைக்கே மாட்டிருங்க" என்றார். "பாவம், நீங்களும் எவ்வளவு நாளைக்குத்தான் இடது பக்கமாவே திரும்பிக்கிட்டு இருப்பீக?"

"எங்க மேல இவ்வளவு கரிசனமா அண்ணாச்சி?"

"பின்ன? ஒரே ஊர்க்காரங்க. ஓடப் பாதைய வேணும்னா நாங்களே மண்ணடிச்சு, ரோலர் ஓட்டிக்கூடத் தாறோம்."

ஓடைப் பாதைக்கு மண்ணடிக்கச் சொல்லி எங்கள் சங்கம் மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது. அப்போதெல்லாம் ஊரில் மண்ணே கிடையாது.

"உக்காருங்க, கூடிப் பேசிட்டுச் சொல்லுதோம்" என்றேன். நாற்காலி போட்டோம். உட்காரவில்லை, நின்றார்கள்.

கொட்டகைக்குள் கூடினோம். பேச்சு நீளவில்லை. மாடத்தி சித்தி ராடைத் தடவிப் பார்த்து, "நல்ல பொருளு. பத்திரமா வைங்க" என்றாள். அத்தை ஒரு பழைய சேலையை எடுத்து அதைச் சுற்றினாள். பச்சைப் பிள்ளையைச் சுற்றுவதுபோல. யாரும் வாக்கெடுப்பு கேட்கவில்லை.

வெளியே வந்து சொன்னேன். "அளவு சேரல, அண்ணாச்சி."

"சேரலயா?"

"சேரல. இதுக்கு இடது பக்கந்தான்னு ஆயிப்போச்சு."

அவர் அருளப்பனைப் பார்த்தார். அருளப்பன் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. "ஒரு நூல் நீளம் கூடுது" என்றான். அளவெடுத்தவன் அவன். அவன் அளவு பிசகாது.

அவர்கள் போன பிறகு ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே கேட்டான். "அப்ப ராடு மாட்டுற வேலயும் இல்ல. இனி நான் இங்க வர வேண்டியதில்ல, இல்லயா மாரி?"

"கிரீஸ் அடிக்கணும்ல, தெனமும்" என்றேன்.

கிரீஸ் அடிக்க நானே போதும். இரண்டு மாதமாக நான்தான் அடிக்கிறேன். இருந்தாலும் நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறான். இத்தனை நாளும் எங்களைப்போல அவனும் ஓடைப் பாதையில்தான் வந்தான். மேலத்தெரு வழியாக வா, உன் வண்டியை விட்டு இறங்காமல் வா என்று சொல்லி அனுப்பினேன்.